ஐந்தாம் சான்றுப் பொருள்

மடிக்கணினியில் டீ கொட்டிவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது ஊர் உலகத்துக்கே தெரியும். பட்டென்று அணைக்க வேண்டும். ஒயரைப் பிடுங்க வேண்டும். கூடாரம் மாதிரி கவிழ்த்து வைத்து, உள்ளே போன டீ வந்த வழியே வெளியே போகட்டும் என்று விட்டுவிட வேண்டும். பிறகு மின்விசிறிக்கு அடியில் காயப்போட்டுவிட்டு, நம் மேல் கோபமாக இருப்பவர்களைச் சமாதானப்படுத்தப் போகலாம். இவ்வளவுதான் விஷயம்.

நிழற்குடை வாரியத்துக்கும் இது தெரியும். ஆனால் அவர்களுக்கு இதைவிட அதிகமாகவும் தெரியும். அங்கேதான் வந்தது வினை.

பேருந்து நிறுத்தங்களில் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குகிறோமே, அந்தக் கூரைகளைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகம்தான் நிழற்குடை வாரியம். ஐந்து மாடிக் கட்டடம். மழை பெய்தால் மேல் மாடிக்காரர்கள் ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கோப்பு பார்ப்பார்கள். ஒழுகும் கூரையை ஏன் சரிசெய்யவில்லை என்று கேட்டால், அது பேருந்து நிறுத்தம் இல்லையே என்பார்கள். நியாயம்தான்.

இரண்டாவது மாடியில் பெஞ்சுப் பிரிவு இருந்தது. எந்த நிறுத்தத்தில் எத்தனை பெஞ்சு இருக்கிறது, அவற்றில் எத்தனைக்குக் கால் இருக்கிறது என்று கணினியில் ஏற்றுவது அந்தப் பிரிவின் வேலை. அந்த வேலையைப் பார்த்துவந்தவருக்கு அலுவலகத்தில் ‘நிதானம்’ என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. லிஃப்ட் பாதியில் நின்றுபோனால் மற்றவர்கள் கதவைத் தட்டிக் கத்துவார்கள். இவர் டிபன் டப்பாவைத் திறந்து, சாப்பிட்டு முடித்து, கையையும் துடைத்துக்கொள்வார். ததும்பத் ததும்ப ஊற்றிய டீயோடு கீழேயிருந்து இரண்டு மாடி ஏறி வந்தாலும் ஒரு சொட்டு தட்டில் விழாது. அந்த டீ அசைவதைப் பார்த்தவர்களே கிடையாது என்று சொல்வார்கள். நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைத்தால் அந்த டீயைத்தான் கேட்க வேண்டும்.

நிதானத்துக்கு ஒரே மகள். தாயில்லாத பெண். வெளியூரில் இருந்தாள். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. கப்பலோ உலகத்தின் அந்தக் கோடியில் எங்கேயோ மிதந்துகொண்டிருந்தது. இவளுக்குத் தலைப்பிரசவம். இந்த வாரத்தில் எந்த நேரமும் ஆகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“நீங்க வந்து ஒண்ணும் செய்ய வேணாம்ப்பா,” என்று போனில் சொன்னாள் மகள். “பிரசவ அறைக்கு வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தா போதும். கதவுக்கு அந்தப் பக்கம் நீங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சா எனக்கு பயம் இருக்காது.”

“பெஞ்சு எனக்குப் பழக்கம்தானேம்மா. வந்துடறேன்,” என்றார் நிதானம்.

விடுப்பும் கிடைத்துவிட்டது. ஒரே ஒரு விதிதான் பாக்கி. விடுப்பில் போகிறவர் தன்னுடைய மடிக்கணினியை ஓடுகிற நிலையில் மேலாளரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அன்று மாலை பஸ். பிற்பகலில் கடைசி நிறுத்தத்தின் பெஞ்சுக் கணக்கை ஏற்றிக்கொண்டிருந்தார். கட்டத்தில் ‘2’ என்று அடித்துவிட்டு, இடக்கையால் டீயை எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து மேலாளர் அம்மா பின்னால் வந்து நின்றார்.

மேலாளர் அம்மா அப்போதுதான் ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்த் திரும்பியிருந்தார். ஊழியர்களை நாளுக்கு ஒரு முறையாவது முதுகில் தட்டிக்கொடுத்தால் அலுவலகம் செழிக்கும் என்று அங்கே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எவ்வளவு பலமாகத் தட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கவில்லை. அம்மா பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் குண்டு எறிந்தவர்.

“நிம்மதியாப் போயிட்டு வாங்க!” என்று முதுகில் ஒன்று வைத்தார்.

இரண்டு மாடி ஏறியும் அசையாத டீ, விசைப்பலகை முழுக்கப் பரவியது.

நிதானம் நிதானமாகவே கையை நீட்டினார், மடிக்கணினியைக் கவிழ்க்க.

“தொடாதீங்க!” என்று மேலாளர் அம்மா போட்ட சத்தத்தில் மூன்றாவது மாடிக்காரர்கள்கூடக் கையை எடுத்துவிட்டார்கள். “விதி தெரியாதா உங்களுக்கு? திரவம் கொட்டினா, இருந்தது இருந்தபடி இருக்கணும். திரவப் பிரிவு வந்து பாக்கற வரைக்கும் யாரும் எதையும் தொடக் கூடாது.”

“மேடம், உள்ள இறங்கிக்கிட்டிருக்கு. ஆஃப் பண்ணிக் கவுத்துட்டா போதும். எனக்கு சாயங்காலம் பஸ்ஸு...”

“கவுத்தா டீ வெளிய வந்துடும்ல? அப்புறம் உள்ள எவ்வளவு போச்சுன்னு அவங்க எப்படிக் கண்டுபிடிப்பாங்க?”

நிதானம் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். இந்தக் கேள்விக்கு எனக்கு இதுவரை பதில் கிடைக்கவில்லை.

ஆகவே எல்லோரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீ எழுத்துகளின் இடுக்கில் இறங்கியது. ஒரு விசை மாட்டிக்கொண்டு, தன்பாட்டுக்கு அடிக்க ஆரம்பித்தது. கட்டத்தில் ‘2’க்குப் பக்கத்தில் ஒரு எட்டு வந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு எட்டு. பிறகு எட்டுகள் வரிசை கட்டிக்கொண்டு வந்தன. திரை அணைவதற்குள், ஊருக்கு வெளியே கல்லுடைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த நிறுத்தத்தில் பல கோடி பெஞ்சுகள் போடப்பட்டுவிட்டன. கணினி அதைத் தலைமைக்கும் அனுப்பிவிட்டுத்தான் உயிரை விட்டது. அந்த வருடத்து விழாவில் வாரியத் தலைவர் மேடையில் இப்படிப் பேசினார்: “ஒரே நிறுத்தத்தில் இத்தனை இருக்கைகள் அமைத்த வாரியம் வேறெங்கும் இல்லை. அங்கே உட்கார ஆள் இல்லை என்று சிலர் குறை சொல்கிறார்கள். பெஞ்சு போடுவதுதான் எங்கள் கடமை. உட்காருவது மக்களின் கடமை.” கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. அது பிற்பாடு நடந்தது; நாம் டீக்கு வருவோம்.

திரவப் பிரிவு நாலாவது மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் டீ ஆறி, ஆடை கட்டிவிட்டது. வந்தவர்கள் மஞ்சள் கயிறு, கூம்புகள், கேமரா, ஒரு பெரிய ஊதல் எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். ஊதல் எதற்கு என்று கேட்டதற்கு, பழைய பிரிவிலிருந்து வந்தது என்றார் திரவ அதிகாரி. அவர் முகத்தில் கல்யாண வீட்டுக்காரரின் களை இருந்தது. நிதானத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“நீங்கதானா அவரு? ரொம்ப சந்தோஷம். உங்களுக்கு நாங்க கடமைப்பட்டிருக்கோம்.”

“எதுக்குங்க?”

“முன்னாடி நாங்க தீத் தடுப்புப் பிரிவு. வருஷக்கணக்கா கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டு காத்திருந்தோம். ஒரு தீ வரணுமே! ஒருத்தன் பீடியைக்கூட அணைக்காமப் போடல. அவ்வளவு பொறுப்பில்லாத ஆளுங்க. பிரிவையே மூடிடலாம்னு மேலிடத்துல பேச்சு வந்துடுச்சு. அப்பத்தான் ராவும் பகலுமா யோசிச்சோம். தீ ஒத்துழைக்கலைன்னா என்ன, தண்ணி ஒத்துழைக்கும்ல? திரவ நிகழ்வுப் பிரிவுன்னு பேரை மாத்திக்கிட்டோம். நீங்கதான் முதல் நிகழ்வு.” குறிப்பேட்டைத் திறந்தார். “டீயில சக்கரை உண்டா?”

“உண்டுங்க.”

“அடடா. அப்ப இது ஒட்டும் திரவம்.” தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். “பெரிய கயிறை எடுங்கப்பா.”

கயிறு கட்டினார்கள். படம் எடுத்தார்கள். பிறகு சான்றுப் பொருள்களுக்கு அட்டை கட்டத் தொடங்கினார்கள். கோப்பைக்கு ஒன்று. தட்டுக்கு ஒன்று. மடிக்கணினிக்கு ஒன்று. நாற்காலிக்கு ஒன்று. ஐந்தாவது அட்டையை நிதானத்தின் சட்டைப் பொத்தானில் மாட்டினார்கள்.

“நான் பொருள் இல்லிங்களே,” என்றார் நிதானம்.

“நிகழ்வு நடந்தப்போ நீங்க இங்க இருந்தீங்களா, இல்லையா?”

“இருந்தேன்.”

“இருந்ததெல்லாம் பொருள்தான்.”

“மேடமும் இருந்தாங்களே?”

திரவ அதிகாரி மேலாளர் அம்மாவைப் பார்த்தார். மேலாளர் அம்மா மேற்கூரையைப் பார்த்தார்.

“மேடம் மேலாளர்,” என்றார் அதிகாரி, யோசித்து. “அவங்க சூழல்.”

“சரிங்க. நான் இப்பக் கிளம்பலாமா? பொண்ணுக்குப் பிரசவம். பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

“சான்றுப் பொருள் எப்படிங்க கிளம்பும்?” என்று உண்மையாகவே கேட்டார் அவர். “இத்தனை வருஷத்துல எந்தக் கோப்பையாவது லீவு கேட்டுப் பாத்திருக்கீங்களா?”

நிதானம் பார்த்ததில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். ஐந்தாம் பொருள் நான்காம் பொருளின் மேல் உட்காரலாமா என்று கொஞ்ச நேரம் விவாதம் நடந்தது. நிகழ்வின்போது அப்படித்தான் இருந்தது என்பதால் அனுமதித்தார்கள். பஸ் போய்விட்டது. போன் அடித்தது.

“கிளம்பிட்டீங்களாப்பா?”

“கிளம்பிக்கிட்டே இருக்கேன்மா. கொஞ்சம் டீ கொட்டிடுச்சு.”

“உங்க கையிலேர்ந்தா?” மகளால் நம்ப முடியவில்லை. “உடம்பு ஏதாவது சரியில்லையா?”

“அதெல்லாம் நல்லாத்தான் இருக்கேன். நாளைக்கு வந்துடுவேன்.”

அன்று அவர் அங்கேயே தங்கினார். காவலாளி ஒரு போர்வை கொடுத்தார். காலையில் அந்தப் போர்வைக்கும் அட்டை கட்டியிருந்தார்கள். காவலாளி திருப்பிக் கேட்டதற்கு, விசாரணை முடியட்டும் என்றார்கள்.

விசாரணைக் குழு காலையிலேயே கூடியது. மூன்று பேர். குழுத் தலைவர் சட்டப் பிரிவிலிருந்து வந்தவர். எந்த வாக்கியத்தையும் முடிக்கும்போது ஒரு முறை கண்ணை மூடித் திறப்பார், முற்றுப்புள்ளி வைப்பது மாதிரி. இரண்டாமவர் திரவ அதிகாரி. மூன்றாவது உறுப்பினர், நிகழ்வு நடந்த பிரிவை நன்றாக அறிந்தவராக இருக்க வேண்டும் என்பது விதி என்பதால், மேலாளர் அம்மா.

“என்ன நடந்துச்சுன்னு உங்க வாயாலயே சொல்லுங்க,” என்றார் தலைவர்.

“டீ கையில வெச்சிருந்தேன். மேடம் வந்து முதுகுல தட்டினாங்க. கொட்டிடுச்சு.”

பதிவு செய்பவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி தலைவரைப் பார்த்தார். தலைவர் கண்ணை மூடினார். இந்த முறை திறக்க நேரமாயிற்று.

“இந்த விசாரணை விசைப்பலகையைப் பத்தினது. முதுகு நம்ம வரம்புக்குள்ள வரலை. முதுகை விட்டுட்டு சொல்லுங்க.”

“முதுகை விட்டா ஒண்ணுமே நடக்கலிங்க.”

“அப்ப ஒண்ணுமே நடக்காம டீ கொட்டியிருக்கு,” என்றார் தலைவர். “எழுதிக்கங்க.”

மேலாளர் அம்மா முன்னால் சாய்ந்தார். அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. “எனக்கும் இதுதான் சார் புரியல. நான் ஊழியர்களை என் பிள்ளைங்க மாதிரி நெனைக்கிறவ. நேத்தும் இவருக்கு ஆதரவா நாலு வார்த்தை சொன்னேன். கையால வேற சொன்னேன். அதுக்கப்புறமும் இவர் இப்படிப் பண்ணுவார்னு நெனைக்கல.”

திரவ அதிகாரி ஒரு யோசனை சொன்னார். நடந்ததை அப்படியே மறுபடி நடத்திப் பார்த்தால் காரணம் தானாகத் தெரிந்துவிடும். முதல் மடிக்கணினியைத் தொடக் கூடாது என்பதால் கணக்குப் பிரிவிலிருந்து ஒன்றை வாங்கி வந்தார்கள். அதே அளவு டீ, அதே அளவு சர்க்கரை. நிதானத்தின் இடக்கையில் கோப்பையைக் கொடுத்தார்கள்.

“ம். கொட்டுங்க.”

“வேணும்னே கொட்டறதா?”

“வேணும்னு கொட்டினா அது குற்றம். அது வேற பிரிவு. நேத்து மாதிரி தானாக் கொட்டணும்.”

நிதானம் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தார். தலைவர் பார்த்தார், அதிகாரி பார்த்தார், பதிவு செய்பவர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டே பார்த்தார். டீ கண்ணாடி மாதிரி அசையாமல் இருந்தது. அதில் மேலே ஓடிய மின்விசிறி தெரிந்தது.

“மேடம் ஒரு தட்டு தட்டினா ஆயிடும்,” என்றார் நிதானம், உதவி செய்யும் எண்ணத்தோடுதான்.

“விசாரணையோட ஒத்துழைக்க மறுக்கிறார்,” என்றார் தலைவர். “எழுதிக்கங்க.”

“எப்படிக் கொட்டணும்னு இவருக்குத் தெரியல சார். நான் காட்டறேன்,” என்று திரவ அதிகாரி கோப்பையை வாங்கினார். அவருக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் கை துள்ளிக்கொண்டிருந்தது. வாங்கிய வேகத்திலேயே கணக்குப் பிரிவின் மடிக்கணினி குளித்துவிட்டது.

பதிவு செய்பவர் அதைக் கவிழ்க்கக் கையை நீட்டினார்.

“தொடாதீங்க!” என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில்.

இப்போது அது இரண்டாவது நிகழ்வு. கயிறு கட்டினார்கள், படம் எடுத்தார்கள், அதிகாரிக்கு ஒரு அட்டை மாட்டினார்கள். இரண்டாவது நிகழ்வின் காரணத்தைக் கண்டறிய, கடிதப் பிரிவின் மடிக்கணினி வந்தது. அதைத் தலைவரே செய்துகாட்டினார். கோப்பையைத் தூக்கியபடி “இதில் என்ன சிரமம்” என்று சொன்னார். முற்றுப்புள்ளிக்காகக் கண்ணை மூடினார். மூன்றாவது நிகழ்வு முடிந்தது. மதியத்துக்குள் கூரைப் பிரிவு, தூண் பிரிவு, வண்ணப் பூச்சுப் பிரிவு என்று வரிசையாக எல்லோருடைய மடிக்கணினிகளும் டீ குடித்துவிட்டன. கயிறு தீர்ந்துபோய், ஜன்னல் திரைகளைக் கிழித்துக் கட்டினார்கள். கேன்டீன்காரர் ஏதோ விழா என்று நினைத்து வடிகட்டியை மாற்றிவிட்டு வந்து நின்றார். அன்று கட்டடத்தில் டீயைக் கொட்டாதவர் ஒரே ஒருவர்தான். அவர் மூலையில் நாற்காலியில் உட்கார்ந்து, யாரோ பிடிக்கச் சொல்லிக் கொடுத்த கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கேட்டு வாங்கிக்கொள்ள மறந்துவிட்டார்கள்.

அப்போது மறுபடி போன் அடித்தது. வலக்கையால் எடுத்தார்.

“அப்பா, வலி ஆரம்பிச்சிடுச்சு. பக்கத்து வீட்டு அக்காதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்திருக்காங்க. நீங்க எங்க இருக்கீங்க?”

நிதானம் எழுந்து நின்றார். அவர் அவ்வளவு வேகமாக எழுந்து அலுவலகத்தில் யாரும் பார்த்ததில்லை. கோப்பையில் டீ அப்போதும் அசையவில்லை.

“ஐயா, பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சாம். நான் போயே ஆகணும். அவளுக்கு வேற யாரும் இல்லிங்க. வந்து என்ன தண்டனை வேணா வாங்கிக்கிறேன்.”

குழுவினர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பிரசவத்துல திரவம் ஏதாவது சம்பந்தப்படுமா?” என்று கேட்டார் திரவ அதிகாரி, ஆவலோடு.

“அது நம்ம கட்டடத்துக்கு வெளிய,” என்றார் தலைவர்.

அதிகாரிக்கு முகம் வாடிவிட்டது.

“பாவம் சார், போகட்டுமே,” என்றார் மேலாளர் அம்மா. “ஆனா காரணம் கண்டுபிடிக்காம எப்படி அனுப்பறது? காரணம் தெரியலைன்னா எல்லாரும் என்னென்னமோ பேசுவாங்க. முதுகு, அது இதுன்னு.”

இதைக் கேட்டதும் தலைவருக்கு ஞானம் பிறந்தது. தன்னைச் சுற்றிலும் நனைந்து கிடந்த மடிக்கணினிகளைப் பார்த்தார். நிதானத்தின் கையைப் பார்த்தார்.

“இவர் கையைப் பாருங்க. நடுங்கவே இல்லை.”

“ஆமா சார்.”

“நல்லா இருக்கற நம்ம கையெல்லாமே நடுங்குது. இவர் கை மட்டும் நடுங்கலை. இது இயற்கையா? இவருக்கு ஏதோ அபூர்வமான நடுக்கம் இருக்கு. யாரும் பாக்காதப்ப மட்டும் வர்ற நடுக்கம். நாம பாக்கறோம்னு தெரிஞ்சா நின்னுடுது. டீ அதனாலதான் கொட்டியிருக்கு.” கண்ணை மூடித் திறந்தார். “இதைச் சோதிக்க நம்மகிட்ட வசதி இல்லை. ஐந்தாம் சான்றுப் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிடலாம்.”

“ஆய்வகம் எங்கங்க இருக்கு?” என்று கேட்டார் நிதானம்.

தலைவர் ஊர்ப் பெயரைச் சொன்னார். மகள் இருந்த ஊர்.

சில சமயம் வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்று அறிந்த முகத்தோடு, நிதானம் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, தபால் பிரிவுக்குப் படி இறங்கினார்.

தபால் பிரிவில் ஒரு அக்கா இருந்தார். வயதில் நிதானத்தைவிடச் சின்னவர்தான். ஆனாலும் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் அக்கா. காலை முதல் மேலேயிருந்து இறங்கிய டீ செய்திகளைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தார்.

“என்னங்க அனுப்பணும்?”

“என்னைத்தாங்க.”

அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவரைப் பார்த்தார். சட்டையில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டார். அந்தக் கட்டடத்தில் வேலை செய்பவர்களுக்கு ஆச்சரியம் என்பது சேர்ந்த சில மாதங்களில் தீர்ந்துபோய்விடும்.

“ஏறி நில்லுங்க,” என்று எடை மேடையைக் காட்டினார். “அவசரமா, சாதாரணமா?”

“ரொம்ப அவசரம் அக்கா. பொண்ணு வலியோட கெடக்கறா.”

“அப்ப சாதாரணத்துல போடறேன். அவசரம்னு போட்டா, ஏன் அவசரம்னு மூணு மாடி ஏறி கேட்டுட்டு வரணும். ஒரு வாரம் ஆயிடும். சாதாரணத்துக்கு எவனும் கேள்வி கேக்க மாட்டான். வண்டி இப்பக் கிளம்புது.” சீட்டை ஒட்ட வந்தவர் கையை நிறுத்தினார். “உடையற பொருளா?”

நிதானம் யோசித்தார். “இது வரைக்கும் இல்ல அக்கா.”

“எதுக்கும் போட்டுடறேன்.” உடையும் பொருள் என்று ஒரு சீட்டும், இந்தப் பக்கம் மேலே என்று அம்புக்குறி போட்ட சீட்டும் முதுகில் ஒட்டினார். ஒட்டியவர் தட்டவில்லை, தடவிவிட்டார். “போங்க. நல்லபடியா நடக்கும். வண்டிக்காரர்கிட்ட சொல்லி முன்னாடி உக்காந்துக்கங்க. பின்னாடி வாரியத்து கூரைத் தகடு இருக்கு, குத்தும்.”

வண்டிக்காரர் வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. பார்சலோடு பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லை. ஊர் எல்லையில் மட்டும் ஒரு டீக்கடையில் நிறுத்தி, “வேணுமா?” என்று கேட்டார். நிதானம் வேண்டாம் என்று தலையாட்டினார்.

ஆய்வகம் ஒரு பழைய கட்டடம். மேசைக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண்மணி இருந்தார். அவரைச் சுற்றி நாலாபுறமும், எல்லா அலுவலகங்களும் அனுப்பிவைத்த பொருள்கள்: கைப்பிடி போன நாற்காலி, பாதி எரிந்த விளக்குமாறு, தப்பான நேரம் காட்டியதற்காக அனுப்பப்பட்ட ஒரு சுவர்க் கடிகாரம். நிதானத்தைப் பார்த்ததும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“உயிரோட வேற அனுப்ப ஆரம்பிச்சுட்டாங்களா? என்ன சோதிக்கணுமாம்?”

“கை நடுக்கம்ங்க. யாரும் பாக்காதப்ப வர்றது.”

“யாரும் பாக்காதப்ப வந்தா நான் எப்படிங்க பாக்கறது?” என்றார் அவர். “சரி, கையை நீட்டுங்க.”

நீட்டினார். ஒரு காகிதத்தை எடுத்து விரல்களின் மேல் வைத்தார் ஆய்வாளர். காகிதம் அசையவில்லை. சன்னல் வழியே காற்று வந்தபோதுதான் அசைந்தது. இன்னொரு முறை, அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, சட்டென்று திரும்பிப் பார்த்தார். அப்போதும் அசையவில்லை.

“கல்லு மாதிரி இருக்கு. எனக்கெல்லாம் காலையில எழுந்தா டம்ளர் பிடிக்க முடியல. ஆனா இப்பவே நடுக்கம் இல்லைன்னு எழுதினா ஒத்துக்க மாட்டாங்க. திருப்பித் திருப்பி அனுப்புவாங்க. சோதனை நடந்துக்கிட்டிருக்குன்னு எழுதிடறேன். எவ்வளவு காலம் வேணா நடக்கலாம்.” அறையை ஒரு சுற்று பார்த்தார். “உங்களை வெக்கத்தான் எடம் இல்ல. கடிகாரத்தையே மேசைக்கு அடியில வெச்சிருக்கேன். இந்த ஊர்ல உங்களுக்குத் தெரிஞ்ச எடம் ஏதாவது இருக்கா, நானா கூப்பிடற வரைக்கும் பத்திரமா இருக்கற மாதிரி?”

“இருக்குங்க,” என்றார் நிதானம். “ஒரு பெஞ்சு இருக்கு.”

ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி இருந்தது. அவர் ஓடினார் என்று சொன்னால் அலுவலகத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் வேகமாக நடந்தார் என்றே வைத்துக்கொள்வோம். பிரசவ அறைக்கு வெளியே, கதவை ஒட்டி, நிஜமாகவே ஒரு பெஞ்சு இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா அதில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“வந்துட்டீங்களா! உள்ள அப்பா அப்பான்னு கேட்டுக்கிட்டே இருக்கா.”

நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அவர் கண் நிதானத்தின் சட்டை அட்டையில் பட்டது. ஆஸ்பத்திரியில் அட்டை மாட்டியவர்களைப் பார்த்துப் பழக்கம் என்பதால் ஒன்றும் கேட்கவில்லை.

“அப்பா வெளியதான் இருக்கார்னு சொல்லிடுங்கம்மா,” என்றார் நிதானம். “பெஞ்சுலயேதான் இருக்கார்னு சொல்லுங்க.”

கதவு மூடியது. உள்ளே நர்ஸின் குரல் கேட்டது. அதற்குப் பிறகு மகளின் குரல் கொஞ்சம் அடங்கினாற்போல் இருந்தது. அப்படித்தான் பக்கத்து வீட்டு அக்கா பின்னால் எல்லோரிடமும் சொன்னார். நிதானம் பெஞ்சில் நேராக உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரம் என்று அவர் பார்க்கவில்லை. வெளியே வெயில் சுவரில் ஏறி, சன்னலைத் தாண்டி, போய்விட்டது. அதன்பிறகு அந்த அழுகை கேட்டது. அதில் நிதானம் என்பது மருந்துக்கும் இல்லை. ஏதோ உடனே தீர்க்க வேண்டிய பெரிய புகாரோடு வந்தது போல ஒரு குரல்.

உள்ளே கூப்பிட்டார்கள். மகள் வெளுத்துப்போய், தலைமுடி நெற்றியில் ஒட்டி, சிரித்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் துணியில் சுற்றிய பேத்தியைக் கொண்டுவந்தார்.

“தாத்தா, கையை நீட்டுங்க.”

நீட்டினார். அந்தச் சின்னப் பாரம் கைக்கு வந்ததும், முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் நடுங்கத் தொடங்கியது. அவர் நிறுத்தப் பார்த்தார். நிற்கவில்லை. பேத்தி அந்த நடுக்கத்தில் ஆடி ஆடி, அழுகையை நிறுத்திவிட்டு, அரைக்கண்ணால் அவரைப் பார்த்தாள்.

“அப்பா,” என்றாள் மகள், பயந்துபோய். “உங்க கை ஏம்ப்பா இப்படி நடுங்குது?”

“மெதுவாப் பேசும்மா,” என்றார் நிதானம். “ஆய்வகம் ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கு.”